முள்ளிப்பட்டில் "வாங்க" சொன்ன காலை

எண்பத்தொன்றாம் வருஷம், ஆவணி மாதம். காலை ஐந்தே முக்காலுக்கு வேலூரில் ஆரணி பஸ் ஏறினோம். டிக்கெட் மூன்று ரூபாய். நான் சின்னப் பட்டுக்கடைக்காரன். முன் சீட்டில் என்னோடு வந்த ஒரு வக்கீல் வீட்டம்மா, மகள் கல்யாணத்துக்கு ஐந்து புடவை எடுக்க வேண்டியவர். அவர் முதல்முறை என் கடைக்குள் கால் வைத்தபோது டியூப்லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. சனியன், அந்த மினுக்கலிலேயே என் சரக்கின் மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. நெய்கிற இடத்தைக் காட்டினால்தான் வாங்குவேன் என்றார். அவர் நல்ல வார்த்தை சொன்னால் அவர் தெருவே என் கடைக்கு வரும். முகம் சுளித்தால் அதோடு சரி. கண்ணமங்கலம் தாண்டும்வரை சாமியை வேண்டிக்கொண்டே வந்தேன். பயம்தான்.

ஏழரைக்கு ஆரணி. நான்கு ரூபாய் பேசிக் குதிரை வண்டி பிடித்து முள்ளிப்பட்டு போய்ச் சேர எட்டே கால். வண்டிக்காரர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்.

"உள்ள போவாதுங்க. பாவு நீட்டிகினு இருக்காங்க."

தெரு நெடுக, தறியில் நீளவாக்கில் ஏற்ற வேண்டிய அரக்குப் பட்டு இழைகள், கஞ்சி போட்ட ஈரத்தோடு. எனக்கு நெய்து தரும் ஏகாம்பரமும் அவர் மனைவி மல்லிகாவும் குனிந்து விரலால் இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு மொத்தப் பாவும் பாழ். வக்கீல் வீட்டம்மாவிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஏகாம்பரம் எங்களைப் பார்த்தார், தலையசைத்தார், மறுபடி குனிந்துகொண்டார். பத்து நிமிஷம் ஆயிற்று. அம்மா தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கன்னு சொல்ல வாய் வரல. நெய்யறதுல மட்டும் என்ன யோக்கியம் இருக்கப்போவுது? வண்டிய திருப்பச் சொல்லுங்க."

ஏகாம்பரத்திடம் ஓடி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். இப்போது கை எடுக்க முடியாது என்றார். மறுபடி கெஞ்சினேன். கடைசியில், என் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள் என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "வாங்க" என்று எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டார்கள்.

அப்புறம் எல்லாம் ஜோர்தான். நாற்காலி வந்தது, சோடா வந்தது. மல்லிகா நெய்து வைத்திருந்த புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். மரியாதை தெரிந்த மனுஷர்கள் என்று அம்மா என்னிடம் மெச்சிக்கொண்டார். ஐந்தையும் அங்கேயே எடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முக்கால் மணி நேரம் தெருப்பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு வெளியே வந்தபோது பாதிப் பாவு விறைத்துக் கிடந்தது. மல்லிகா உட்கார்ந்து நகத்தால் இழையைப் பிரிக்கப் பார்த்தார்; அறுந்து வந்தது. அவர்களுடைய அடுத்த இரண்டு மாதத் தறிவேலை அது. அம்மா வண்டியில் ஏறியிருந்தார். நான் ஏதேதோ சமாதானம் உளறினேன். ஏகாம்பரம் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அந்தம்மா நம்மள இன்னிக்கிதாங்க மொத மொதலா பாக்கறாங்க" என்றார். "நீங்க ஆறு வருஷமா பாத்துகினு இருக்கீங்களே."

பன்னிரண்டரைக்கு வேலூர் திரும்பினோம். வழியெல்லாம் அம்மா முள்ளிப்பட்டுக்காரர்களைப் புகழ்ந்துகொண்டே வந்தார். நான் நினைத்தபடியே அவர் தெருவே என் கடைக்கு வந்தது. ஏகாம்பரம் அதற்குப் பிறகு எனக்கு நெய்யவில்லை.