மேலுறை இல்லாத முதற் பதிப்பு

நேற்றுப் பின்னேரம் நீர்வேலியிலை ஒரு ரீச்சர் அக்கா வீட்டை, என்ரை கடைக்குப் பழைய புத்தகம் எடுக்கப் போனனான். அவ தந்த புத்தகக் கட்டுக்குள்ளை, நான் பத்து வருசமாத் தேடின நாவலின்ரை முதற் பதிப்பு கிடந்தது.

சந்தோசத்தை முகத்திலை காட்டேல்லை. இந்த யாவாரத்திலை முதலிலை பழகிறதே அதுதான்.

"மேலுறையும் இல்லை, பூச்சியும் அரிச்சிருக்கு. இதை ஒருத்தரும் வாங்காயினம் அக்கா" எண்டன்.

"அப்ப சும்மா கொண்டு போங்கோ தம்பி" எண்டா.

வீட்டை வந்த கையோடை இங்கை முகநூலிலை படம் போட்டன். 'கிடைக்கவே கிடைக்காத முதற் பதிப்பு! பத்து வருசத் தேடல்!' நீங்களும் வாழ்த்தித் தள்ளினியள்.

இண்டைக்குக் காலமை கடை திறக்கிறன், வாசலிலை அந்த அக்கா. பஸ்ஸிலை வந்திருக்கிறா. ஒரு கொப்பிக்குள்ளையிருந்து கவனமா எடுத்து நீட்டினா. அந்தப் புத்தகத்தின்ரை மேலுறை. ஒரு மடிப்புக்கூட விழேல்லை.

"கிழிஞ்சுபோடும் எண்டு என்ரை மனுசன் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சவர். நீங்கள் போட்ட படத்திலை அது இல்லாமல் ஒரு மாதிரிக் கிடந்தது. அதுதான் கொண்டு வந்தனான்."

"படம் பாத்தனீங்களோ அக்கா?"

"ஓம். எழுதினதையும் வாசிச்சனான்."

தேத்தண்ணி குடிக்கக் கேட்டன், வேண்டாம் எண்டிட்டுப் போட்டா.

நாளைக்குப் புத்தகத்தை மேலுறையோடை திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கப்போறன். அவவின்ரை வாசலிலை நிண்டு என்ன சொல்லிக் குடுக்கிறது எண்டுதான் தெரியேல்லை.

வாழ்த்தின ஆக்களே முதலிலை சொல்லுங்கோ.