உள்ளூர் கவுண்டர்

அரண்மனை வாசலில் இரண்டு கவுண்டர்கள். ஒன்று உள்ளூர்க்காரர்களுக்கு, மற்றது வெளிநாட்டவருக்கு. உள்ளே போனால் எல்லாருக்கும் அதே தூண், அதே படிக்கட்டு, அதே வௌவால் நாற்றம். விலை மட்டும் ஒன்றுக்குப் பத்து. உள்ளூர் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு வழிகாட்டிகள் வைத்த பெயர் 'பத்து மடங்கு அக்கா'. வரிசை மாறி வந்து நிற்கும் வெளிநாட்டவர் யாரும் அவளிடமிருந்து தப்பிப் போனதில்லை.

அவள் முகம் பார்த்துக் கண்டுபிடிப்பவள் அல்ல. கண்ணாடி முழுக்க அறிவிப்புகளை ஒட்டி ஒட்டி, கடைசியில் மிஞ்சியது கை நுழைகிற அரைவட்டத் துளை மட்டும். உள்ளூர்க் கை நோட்டை மடித்து, சில்லறையைச் சரியாக வைத்துக்கொண்டு வரும். வெளிநாட்டுக் கை நோட்டுகளை விசிறி மாதிரி விரித்து, வேண்டியதை நீயே எடுத்துக்கொள் என்று காத்திருக்கும். விரித்த கையைக் கண்டால் போதும், தலை நிமிராமலே, அடுத்த கவுண்டருக்குப் போகும்படி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வாள். நான் இந்த ஊர்தான் என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பாள்.

நிமிராததற்கு அலுப்பும் ஒரு காரணம். வீட்டில் அவளும் அம்மாவும்தான். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த அம்மாவை இரவில் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தூக்கம் என்று அவள் தூங்குவது பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் சாய்ந்திருக்கும் நேரம்தான்.

போன வாரம் அண்ணன் வந்திருந்தான். பல வருஷம் கழித்து, வெளிநாட்டிலிருந்து, மனைவியோடும் மகளோடும். வீட்டில் இடம் போதாது என்று ஹோட்டலில் தங்கினார்கள். அம்மாவைக் கொஞ்ச நாள் உன்னோடு வைத்துக்கொள்ளேன் என்று கேட்க, அவளுக்குத் தினமும் தொண்டை வரை வந்தது, தினமும் விழுங்கினாள். குழந்தை அரண்மனை பார்க்க ஆசைப்படுகிறாள் என்று அண்ணி சொன்னபோது, சரி, சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அண்ணன் மனசு குளிர்ந்திருக்கும், அப்போது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். வந்ததும் போன் பண்ணச் சொல்லியிருந்தாள்.

அண்ணன் போன் பண்ணவில்லை. தங்கையைத் திகைக்க வைக்கலாம் என்று வரிசையில் வந்து நின்றுகொண்டான். அவன் ஊரை விட்டுப் போனபிறகு இங்கே நோட்டுகளின் நிறமெல்லாம் மாறிவிட்டிருந்தது. எது எவ்வளவு என்று பிடிபடாமல் கையில் இருந்ததை அப்படியே விரித்துத் துளைக்குள் நீட்டினான்.

அவள் தன் ஆங்கில வாக்கியத்தைச் சொன்னாள். கை நகரவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லி, பேனாவால் அடுத்த கவுண்டரைக் காட்டினாள்.

"ஏய், நான்தான், உன் அண்ணன்," என்றது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

வரிசையே சிரித்தது. அடுத்த கவுண்டர்க்காரருக்குப் பட்டப்பெயர் கொட்டாவி. அவரே பாதிக் கொட்டாவியில் வாயை மூடினார். "கூடப் பொறந்தவனையே என்கிட்ட தள்ளிவிட்டுட்டியேம்மா," என்றார்.

அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மூன்று உள்ளூர் டிக்கெட் கேட்டான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அட்டை இருக்காண்ணா?"

போன நாட்டில் குடிமகன் ஆனபோதே அவன் அதை ஒப்படைத்துவிட்டிருந்தான். அவள் தலைக்கு மேல் கேமரா இருந்தது. மச்சானுக்கு உள்ளூர் டிக்கெட் கிழித்துக் கொடுத்த ஒருத்திக்கு மறுநாளே வேலை போனது ஊரறிந்த கதை.

"இந்த மதில் ஏறிக் குதிச்சு உள்ள போனவன் நான். என்கிட்டயே அட்டை கேக்கறியா?"

"தெரியும்ணா. நீ விட்டுட்டுப் போன செருப்பத் தூக்கிட்டு வாசல் பக்கமா ஓடி வந்தவளே நான்தானே. அதெல்லாம் சொன்னா ஆபீஸ்ல கேப்பாங்களா?"

அவன் நோட்டுகளை அள்ளிக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போனான். கொட்டாவி மூன்று டிக்கெட் கிழிக்கும் சத்தம் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது.

சாப்பாட்டு வேளையில் வெளியே மரத்தடி பெஞ்சில் நான்கு பேரும் காகித டம்ளரில் டீயோடு உட்கார்ந்தார்கள். குழந்தை தான் எடுத்த படங்களை அவளிடம் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அண்ணனின் முகம் உர்ரென்று இருந்தது.

"பொறந்த ஊர்லயே வெளியாளாயாச்சு," என்றான். "இனிமே இங்க எனக்கு என்ன இருக்கு? ஃப்ளைட்ட முன்னால மாத்திட்டு இந்த வாரமே கிளம்பிடலாம்னு பாக்கறேன்."

ஒரு வாரமாக அவள் கோத்து வைத்திருந்த பணிவான வார்த்தைகள் எதுவும் வாய்க்கு வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஊர்க்காரன்னு சொல்லத்தான்ணா அட்டை வேணும். அம்மாவுக்குப் பிள்ளைன்னு சொல்ல யாரும் அட்டை கேக்கல. ராத்திரியில எழுந்து புரட்டிப் படுக்க வெச்சா போதும்."

குழந்தை படம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். அண்ணிதான் பேசினாள், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நானும் பாப்பாவும் ஹோட்டல்ல இருந்துக்கறோம். லீவு முடியற வரைக்கும் நீங்க போய் அத்தைகிட்ட படுங்க."

லீவு முடிந்த பிறகு என்ன என்று யாரும் பேச்செடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை, மணியாகிவிட்டது என்று எழுந்து கவுண்டருக்குப் போனாள்.

மறுநாள் விடியலில் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குரல் கேட்டது. எந்தப் பக்கமாகப் புரட்டுவது என்று அம்மாவிடமே கேட்டுக்கொண்டிருந்தான். "மெதுவாடா, நான் என்ன மூட்டையா?" என்று அம்மா திட்டினாள். கொஞ்ச நேரம் கட்டில் முனகியது. பிறகு, "இங்க ஒரு நிமிஷம் வாயேன்," என்று தங்கையைக் கூப்பிட்டான்.

அவளுக்கு நன்றாகவே கேட்டது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.