மந்தமாய் ஒலித்த கடல்

ஹெல்மரின் வலது காதுக்குப் பின்னால் எலும்பு வளர்கிறது, புற்றுநோய் இல்லை என்று ஓபூ நகரத்து டாக்டர் சொன்னதும் தீவே பெருமூச்சு விட்டது. எங்கோ ஒருவருக்கு வருவதாம், உயிருக்குக் கெடுதல் இல்லையாம். தம்பி வால்டர் ஊரைக் கூட்டிக் காபி கொடுத்தார். எலும்பு காதுக்குழாயை மெல்ல அடைத்துவிடும் என்று டாக்டர் சொன்ன மிச்சத்தை ஹெல்மர் யாரிடமும் மூச்சு விடவில்லை. இடது காதோ சிறுவயதிலேயே சீழ் பிடித்துக் கேட்காமல் போனது.

சொன்னால் கழியைப் பிடுங்கிவிடுவார்களே! முப்பது குளிர்காலமாக, கடல் உறைந்ததும் இரும்புமுனைக் கழியால் தட்டி, ஒலி கேட்டு, அக்கரை வரை பாதைக்கு அடையாளமாக ஊசியிலைக் கன்றுகளை நடுபவர் அவர். கணீரென்றால் பனிப்பாளம் மெல்லிசு. மந்தமாய் 'தொம்' என்றால் தாராளமாய் நடக்கலாம். துளை போட்டு அளப்பதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு என்று ஏளனம் வேறு. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷனுக்கு அந்தக் கழியை விட்டால் என்ன இருக்கிறது?

டாக்டர் சொல்லி மூன்று வருஷம் கழிந்த ஜனவரியில் தட்டிய இடமெல்லாம் மந்தமாகவே கேட்டது. பாவி மனுஷன்! மந்தமானது பாளம் அல்ல, காது. அது அவருக்கு உள்ளூரத் தெரியாமலா இருந்தது?

கன்றுகளை நட்டுவிட்டுத் திரும்புகையில், காலால் உந்தும் சறுக்குவண்டியில் தபால் மூட்டையோடு எதிரே வந்தாள் வால்டரின் மகள் குன்னெல்.

"என்ன பெரியப்பா, தாங்குமா? இல்ல, மீனுங்களுக்குத்தான் கடுதாசி குடுக்கணுமா?"

உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"குதிரையே போகும். உன் வாய்தான் கனம், பாத்துப் போ."

போகிறபோக்கில் அவள் இன்னும் என்னவோ சொன்னாள். அவரும் சிரித்து வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

கரையிலிருந்து வால்டர் தலைதெறிக்க ஓடிவந்து அவரைக் கடந்தபோதுதான் ஹெல்மர் திரும்பினார். நூறடிக்குப் பின்னால் பாளம் உடைந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. குன்னெலைக் காணோம்.

சாயங்காலம் கொக்கி போட்டு எடுத்தார்கள்.

"அடியில நீரோட்டம் அரிச்சிருக்கும், ஹெல்மர் என்ன செய்வார்?" என்றது ஊர். வால்டர் மட்டும் அவர் எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, கரையில இருந்த எனக்கே கேட்டுச்சு. பெரியப்பான்னு ரெண்டு தடவ உன்னத்தான் கூப்பிட்டா. ஏன் திரும்பல?"

"கேக்கலடா. மூணு வருஷமா எதுவுமே சரியாக் கேக்கல."

வால்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். உதடு தெரியாததால் அது என்னவென்று ஹெல்மருக்குக் கடைசிவரை தெரியவில்லை.