அம்மனிடம் கேட்கக் கூடாத கேள்வி

பிள்ளைகளா, போன வாரம் சாப்பிடும்போது உங்களில் சின்னவன் என்னை மடக்கினான். "அப்பா, சாமி உண்டா இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அம்மா கோயிலுக்குள்ள போறா, நீங்க வாசல்ல நின்னு செருப்பப் பாத்துக்கிடுதிய. இது என்ன கணக்கு?"

நான் சிரித்து மழுப்பினேன். உங்கள் அம்மா, "அக்கா வயித்துல இருக்க தழும்பக் கேளு, அது சொல்லும்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு எழுந்து போய்விட்டாள்.

தழும்பு ஆப்பரேஷனால் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆப்பரேஷன் நடக்காமலே போக இருந்த மத்தியானத்தைப் பற்றி நாங்கள் இதுவரை உங்களிடம் பேசியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என் சைக்கிள் கடை. சாயங்காலம் நாலைந்து பேர் கூடுவார்கள். மைதானத்தில் நடக்கும் பகுத்தறிவுக் கூட்டங்களில் கேட்டதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார்கள். கண்ணால் பார், கேள்வி கேள், ஆதாரம் இல்லாததை நம்பாதே என்ற பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடத்தில்தான் ஓட்டை. எந்தப் பேச்சையும் அப்படி அமுக்கிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். திருநீறு பூசுவதை விட்டேன். உங்கள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்து அவளே பூசிக்கொண்டாள்.

அக்காவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து, காய்ச்சலில் தவறிப்போனான். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகலாமா என்று அப்போது அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டார்கள். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, வாழை நாரால் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. அன்று வெள்ளை வந்தது. போனோம். பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் திரும்பக் கொண்டுவந்தோம். சுமந்துவந்தவர் உங்கள் பெரிய மாமா.

அக்காவுக்கு ஆறு வயது இருக்கும். ஆடி மாதச் சாரல். முதல் நாள் சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. காலையில் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வலப்பக்க அடிவயிற்றை மெல்ல அமுக்கிக் கையை எடுத்தார். எடுத்தபோதுதான் பிள்ளை அலறினாள்.

"குடல்வால் வீங்கியிருக்கு. இங்க முடியாது. பாளையங்கோட்டைல இன்னைக்கே வயித்தைத் திறந்தாகணும். பஸ் வேண்டாம், குலுக்கும். காருல போங்க. இன்னொண்ணு, வலி திடீர்னு நின்னா சந்தோசப்படாதீங்க. உள்ள வெடிச்சிருக்கும்னு அர்த்தம்."

"கத்தி வேண்டாம், என் பிள்ள மேல கத்தி வேண்டாம்" என்று உங்கள் அம்மா அங்கேயே கத்தினாள். அவளைச் சமாதானப்படுத்தி வீட்டில் விட்டுவிட்டுக் கார் தேடிப் போனேன்.

குற்றால அருவிச் சீசன் நேரம் என்பதால் தென்காசியில் ஒரு வாடகைக் கார்கூட இல்லை. சைக்கிளை மிதித்துக் குற்றாலத்துக்கே போனேன். எண்ணெய் தேய்த்த கூட்டத்துக்கு நடுவே காருக்காக நான் ஒருவன்தான் அலைந்தேன். கடையநல்லூர் டிரைவர் ஒருவர் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். ஒரு குடும்பத்தைக் குளிக்க அழைத்து வந்தவர். நான் சொல்லி முடிப்பதற்குள் காரில் ஏறிவிட்டார்.

"அவிய குளிச்சுக் கரையேறுததுக்குப் பொழுது சாஞ்சிரும். நீங்க ஏறுங்க அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்தால் பூட்டு. "அவ அண்ணன் வந்தாவ. ரெண்டு பேருமாப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரை அம்மன் கோயிலுக்குப் போயிருக்காவ" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. காரை ஆற்றங்கரைக்கு விடச் சொன்னேன்.

சிற்றாறு சிவப்பாகப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. சின்னக் கோயில்தான். உங்கள் அம்மா பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமா. சாமி முன்னால் இலைப் பொட்டணம் இரண்டு கிடந்தன.

"ஏட்டி, எந்திரி. வெளிய கார் நிக்கு."

"கேட்டுட்டேன். எடுத்தாப் போதும்."

"என்ன கேட்ட?"

"பிள்ள மேல கத்தி வைக்கட்டுமான்னு."

"பொட்டணத்துல இருக்க பூவுக்கு வயித்துக்குள்ள இருக்கது தெரியுமாக்கும்?"

மாமா திரும்பினார். "ஒங்க டாக்டருக்கு மட்டும் தெரிஞ்சுதா மாப்ளே? போன தடவை பொழைச்சிரும்னு சொன்னது பூவா, டாக்டரா?"

"பூவும் போன்னுதான சொல்லிச்சு?"

"போன்னு சொல்லிச்சு. பொழைக்கும்னு சொல்லல" என்றாள் உங்கள் அம்மா, என்னைப் பார்க்காமலே.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. நோயாளிக்காகக் கேட்டால் அந்த நோயாளியே எடுக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். "தாயி, ஒண்ண எடும்மா" என்றார் பூசாரி. அக்கா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். நீட்டியபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"எதுப்பா?"

பூவை நம்பாதவன் எதைக் கைகாட்டுவது? கைக்கு எட்டியதை அவள் எடுத்தாள். பூசாரி நாரை அவிழ்த்தார்.

செவ்வரளி.

என்னை அறியாமல் ஒரு அடி பின்வாங்கினேன். நம்பாதவன் ஏன் பின்வாங்க வேண்டும் என்று இன்றுவரை விளங்கவில்லை. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். நாளைக்குக் காலைல வேணா திருப்பிக் கேளுங்க" என்றார் பூசாரி.

"நாளைக்குப் பிள்ள இருக்காது ஐயா!" என்று கத்தி, அக்காவைப் பிடித்துத் தூக்கினேன். உங்கள் அம்மா இறுக்கிக்கொண்டாள். நடுவில் வயிறு நசுங்கிப் பிள்ளை அலறிய அலறலில் என் கை தானாக விட்டுவிட்டது.

மாமா எழுந்துவந்தார். குரல் உயரவில்லை. "கேக்காமப் போயிருந்தா அது வேற மாப்ளே. கேட்டாச்சு. பதிலும் வந்தாச்சு. நமக்குப் பிடிச்சத சொன்னாத்தான் எடுத்துக்கிடுவோம்னா, கேக்கதுக்கே அர்த்தம் இல்லியே."

கடையில் ட்யூபை அமுக்குகிற மாதிரி அதையும் அமுக்கிப் பார்த்தேன். அந்தப் பேச்சில் ஓட்டை இல்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உங்கள் அம்மா அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூசாரியிடம் கேட்டாள்: "அவளும் பெத்தவதான?"

"லோகத்தையே பெத்தவம்மா."

"அப்ப தப்பு என் மேல. பிள்ள மேல கத்தி வைக்கட்டுமான்னு தாய்கிட்டப் போயிக் கேட்டா எந்தத் தாய் சரின்னு சொல்லுவா? காலைல நானும் டாக்டர்கிட்ட வேண்டாம்னுதான கத்துனேன்?"

"ஏட்டி, நம்ம வசதிக்குச் சாமிய வளைக்கக் கூடாது" என்றார் மாமா.

"வளைக்கல அண்ணே. வேண்டாம்னுட்டா, அவ சொன்னது சொன்னதுதான். நான் மீறித்தான் போறேன். கோவம் வந்தா அது என்னோட போகட்டும்."

யாரும் தலையில் வைக்காத அந்தச் செவ்வரளியைப் பூசாரி கையிலிருந்து எடுத்துத் தன் கொண்டையில் சொருகிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாரலில் இறங்கினாள். மாமா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஓடிவந்து, தன் துண்டை விரித்துப் பிள்ளை தலைக்கு மேல் பிடித்தபடி கார்வரைக்கும் வந்து, முன் சீட்டில் அவரும் ஏறிக்கொண்டார்.

பாவூர்சத்திரத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. "போட்டுட்டான் அண்ணாச்சி" என்று டிரைவர் ஸ்டியரிங்கில் அடித்தார். ரயில் வருகிற வழியாகத் தெரியவில்லை. அதுவரை முனகிக்கொண்டே வந்த பிள்ளை சட்டென்று அடங்கினாள்.

"அம்மா, வலி போயிட்டு."

மாமா துள்ளித் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர். "பாத்தியா ஏட்டி! அம்மன் மனசு எறங்கிட்டா! பிள்ளைக்கு வலியே இல்ல. இனிமே என்னத்துக்குக் கத்தி? வண்டியத் திருப்பச் சொல்லு!"

டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். வலி நின்றால் உள்ளே வெடித்துவிட்டது என்று அர்த்தம். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை இல்லை. பிள்ளை சிரிக்கக்கூடப் பார்த்தாள். கண்ணுக்கு முன்னால் இருந்த ஆதாரம் முழுக்க மாமா பக்கம். என் பக்கம், அங்கே இல்லாத ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை.

உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை முகத்தைப் பார்த்தாள். ரயில் கடகடவென்று போனது. கேட் உயர்ந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "எந்தப் பக்கம்மா?" என்றார்.

"நேரப் போங்க" என்றாள்.

பாளையங்கோட்டையில் வயிற்றைத் திறந்தபோது உள்ளே வெடித்துத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் ஆப்பரேஷன் செய்த டாக்டர். பிள்ளை கண் விழித்ததும் நான் பெரிய மனிதனைப்போல, "பாத்தியா, டாக்டர்தான் காப்பாத்துனாரு" என்றேன். "ஆமா" என்றாள் உங்கள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "மொதப் பிள்ளையப் பாத்ததும் டாக்டர்தான்" என்றாள். அதன்பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

சின்னவனே, நீ கேட்டதற்கு ரெண்டில் ஒன்று சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. கடையில் இப்போதும் ஆதாரம் கேட்கிறேன். ஆனால் காரை நேராக விடச் சொன்னவள் பூவை நம்புகிறவள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வாசல்வரைக்கும் போகிறேன். உள்ளே அவள் பேசுவது அங்கே நின்றால் கேட்கும்.

தையல் ஆறியதும் முதல் வேலையாக அக்காவை அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நான் என்னுடையதையும் சேர்த்து மூன்று பேர் செருப்பையும் பார்த்துக்கொண்டு படியில் நின்றேன். பிள்ளையின் சட்டையை மேலே தூக்கி, சாமிக்கு நேராக அவளை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"பாத்துக்கோ. நல்லா ஆறிட்டு. நீ பயந்த மாதிரி ஒண்ணும் ஆகல."