அக்காவுக்கு நான் கொடுத்த மாத்திரை

எனக்கும் அக்காவுக்கும் ஒரே வருடத்தில்தான் சர்க்கரை நோய் தெரியவந்தது. சில வருடங்களில் இருவருக்கும் பாதம் எரியத் தொடங்கியது. நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நரம்பு வலிக்கு மாத்திரை எழுதிய டாக்டர், தலை சுற்றும், தூக்கம் வரும், இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். கம்பெனியில் சொன்னதும் ஸ்டோர்ஸில் உட்காரவைத்தார்கள். மாத்திரை எனக்குக் கேட்டது.

அக்கா மர்பி டவுனில் தனியாக இருந்தாள். கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. சர்க்கரை அவள் கிட்னியையும் கெடுத்திருந்தது. அவளுக்கும் அதே மாத்திரைதான். ஆனால் மிகக் குறைந்த அளவு, ஒரு வேளை மட்டும். எரிச்சல் அடங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"மொளகாத்தூள் தடவுன மாதிரி இருக்குடா. உனக்கு மட்டும் எப்படிக் கேக்குது?"

"எனக்குக் குடுக்கிறது பெரிய டோஸ் அக்கா."

"அப்ப அதையே எனக்கும் குடேன்."

டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அவளுடைய அடுத்த செக்கப்புக்கு மூன்று வாரம் இருந்தது. சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

செவ்வாய்க்கிழமை காலை போன் செய்தாள். "நல்லாத் தூங்குனேன்டா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. புதன்கிழமை பேச்சு குழறியது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். வியாழன் மதியம் பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டார். அக்கா குளியலறையில் விழுந்து கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நான் எதையும் மறைக்கவில்லை. அக்காவை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா கத்தவும் இல்லை.

"இந்த மருந்து கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். அவங்க கிட்னிக்கு அந்த சக்தி இல்ல, உள்ளயே தேங்கிடுச்சு. அதுக்குத்தான் கம்மியாக் குடுத்தோம். ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தருக்குக் குடுக்கலாமா? ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"



சில நாளில் அவளுக்கு நினைவு தெளிந்தது. ஆபரேஷன் நடந்தது, ஆனால் எழுந்து நடக்கவே இல்லை. இப்போது என் வீட்டில் படுத்திருக்கிறாள். வேறு மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. பழைய சிறிய மாத்திரைதான் தொடர்கிறது. எரிச்சலும் தொடர்கிறது.

பார்க்க வருகிறவர்களிடம், "பாத்ரூம்ல கால் வழுக்கிடிச்சி" என்று மட்டும் சொல்வாள். அவர்கள் போனதும் என்னைப் பார்ப்பாள். "உன் பேச்ச எடுக்கலடா."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என் கால் இப்போதெல்லாம் அதிகம் எரிவதில்லை. அவள் கண்ணில் படாமல், சமையலறையில் நின்று என் மாத்திரையை விழுங்குகிறேன்.