ஆறு ஸ்வெட்டர்கள்

இன்று தில்லி மெட்ரோவில் ஒரு பெண் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். எண்பதுகளில் நான் செய்த சமூக சேவை நினைவுக்கு வந்து தொலைத்தது.

அப்போது குளிர்காலத்தில் எங்கள் ஆபீஸ் பெண்கள் எல்லோரும் மத்தியான வெயிலில் புல்தரையில் உட்கார்ந்து பின்னுவோம். பஞ்சாபிப் பெண்கள் ஊர்வம்பு பேசிக்கொண்டே பின்னுவார்கள். நான் கண்ணிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே பின்னுவேன்.

அப்படிக் குழந்தைகளுக்கு ஆறு ஸ்வெட்டர் பின்னி, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஆறு தமிழ்க் குடும்பங்களுக்கு விற்று, பணத்தைப் பக்கத்திலிருந்த அநாதை இல்லத்துக்குக் கொடுத்தேன்.

"பிரமாதம்க்கா!" என்று சொல்லித்தான் ஆறு பேரும் வாங்கினார்கள்.

பொங்கலன்று இல்லத்துக்குப் போனேன். கொடியில் ஆறு ஸ்வெட்டர்களும் காய்ந்துகொண்டிருந்தன.

"உங்க குவார்ட்டர்ஸ் ஆளுங்கதான், ஆறு பேரும் தனித்தனியா வந்து தானமா குடுத்தாங்க," என்றார் இல்லத்தை நடத்திய நாகர்கோவில் சிஸ்டர். "ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பிள்ளைங்க போடமாட்டேங்குதுங்க. யார் பின்னினதோ!"

"யாரோ," என்றேன்.

"நீங்களே கொண்டுபோய் யாராவது இல்லாதவங்களுக்குக் குடுத்திடுங்களேன்."

மூன்று குளிர்காலம் என் பிள்ளைகள்தான் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஆறு பேரில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து "பிரமாதம்" என்று மட்டும் கமெண்ட் போடாதீர்கள்.