மாடிப்படிக்குக் கீழே பத்துப் பெட்டி

தீபாவளி சீசனில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைக் காப்பாற்ற நான் போட்ட ஒரே சட்டம், உள்ளே பட்டாசு வைக்கக் கூடாது என்பது. அதில் குடியிருக்கும் முத்துமாரி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள் என்பதால், அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். ஆனால் என் மச்சான் தன் பட்டாசுக் கடையில் இடமில்லை என்றதும், அதே வீட்டு மாடிப்படிக்குக் கீழே பத்துப் பெட்டிப் பட்டாசை நானே அடுக்கினேன்.

வேலை முடிந்து வந்தவள் கொதித்துப்போனாள். "கம்பெனியிலயே ஒரு ரூமுல இம்புட்டு வைக்க விடமாட்டாக. இங்கன கொண்டாந்து வைக்கீகளே!"

"யாரு வீட்டுல நின்னு பேசுற?" என்று கத்தினேன்.

"எம் பிள்ளைக படுக்கிற வீட்டுல."

அன்றே பெட்டிகளைத் திருப்பி அனுப்பினேன். மச்சான் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும். ஒவ்வொரு சீசனுக்கும் உறவுக்காரர்கள் இடம் கேட்டு வரத்தான் செய்கிறார்கள். "முத்துமாரிகிட்ட கேளுங்க" என்கிறேன். இதுவரை ஒருவரும் அவள் கதவைத் தட்டியதில்லை.